இஸ்மாயில் பாயாக வந்து ஹீரோ ஆனவர்: சித்தூர் நாகையாவைச் சந்தித்த கதைகள்

தி.நகர் வாசி:
பழைய நடிகர் சித்தூர் வி. நாகையாவை நான் தலைகீழாகத்தான் சந்தித்தேன். முதலில் கிழவர், கடைசியில் கதாநாயகன். தூர்தர்ஷனில் 'பாவ மன்னிப்பு' போட்டபோது எனக்குப் பத்து வயது இருக்கும். ரஹீமாக வரும் சிவாஜியை வளர்க்கும் இஸ்மாயில் பாய் அவர். நிஜமாகவே யாரோ ஒரு முஸ்லிம் பெரியவரைக் கூட்டி வந்து நடிக்க வைத்துவிட்டார்கள் என்று நம்பினேன். அப்புறம் ஒருநாள் 'சம்பூர்ண ராமாயணம்'. காட்டுக்குப் போகும் மகனை நினைத்து உருகும் தசரதனின் குரலைக் கேட்டதும், "அட, நம்ம பாய்!" என்று கத்தினேன். வீட்டில் எல்லோரும் சிரித்தார்கள். "அவரு தெலுங்குக்காரருடா, பேரு நாகையா" என்றார் அப்பா. அதோடு சரி.

வேலைக்காகச் சென்னை வந்த பிறகுதான் பனகல் பார்க்கில் அவர் சிலையைப் பார்த்தேன். துணிக்கடைப் பைகளோடு ஓடுகிற கூட்டத்தில் யாரும் நிமிர்ந்து பார்ப்பதில்லை. தசரதனுக்கு எதற்கு இங்கே சிலை என்று தேட ஆரம்பித்தேன். உங்களுக்கெல்லாம் அவர் எப்படி அறிமுகம்?

காட்பாடிக்காரன்:
சித்தூர் எங்களுக்குப் பக்கத்து ஊர் மாதிரி. அதனால் அவரும் எங்கள் ஏரியா ஆள் என்றுதான் நினைத்திருந்தேன். பிறந்தது 1904இல், குண்டூர் பக்கம் ரேபல்லெயில். சித்தூர் ராமவிலாச சபாவில் நாடகம் போட்டதால் ஊர்ப்பெயர் ஒட்டிக்கொண்டது.

என் தாத்தா தமிழர்தான். ஆனாலும் தெலுங்கு நாடகம் என்றால் எல்லை தாண்டிப் போய் விடியவிடிய உட்கார்ந்திருப்பார். மைக் கிடையாது, ஹார்மோனியம்தான். நடிகர் பத்யம், அதாவது தெலுங்குச் செய்யுள், பாடிக் கடைசி அடியில் ராகத்தை இழுப்பார், கூட்டம் "ஒன்ஸ் மோர்" என்று கத்தும். செத்துக் கிடக்கும் பாத்திரம்கூட எழுந்து இன்னொரு முறை பாடிவிட்டுத் திரும்பவும் சாகும் என்று தாத்தா நடித்தே காட்டுவார். அப்படிப்பட்ட மேடையிலிருந்து வந்த நாகையா, சினிமாவில் அந்த இழுவையை எப்படி விட்டார் என்பதுதான் எனக்கு ஆச்சரியம். குமாஸ்தா வேலை, பத்திரிகை வேலை எல்லாம் பார்த்துவிட்டு, 1938இல் எச்.எம். ரெட்டியின் 'கிருகலட்சுமி'யில் முதல் படம். அப்போதே வயது 34. அடுத்த வருஷம் பி.என். ரெட்டியின் 'வந்தேமாதரம்', அதில் அவர்தான் கதாநாயகன்.

வீணை வீட்டுப் பெண்:
எனக்கு அவர் 'தியாகய்யா' வழியாகத்தான். தியாகராஜ சுவாமிகளைப் பற்றிய 1946 படம். இயக்கம், இசை, நடிப்பு எல்லாம் அவரே. யூட்யூபில் மங்கிப்போன பிரின்ட். அம்மா அடுப்பை அணைத்துவிட்டு வந்து உட்கார்ந்து, படம் முடியும்வரை எழுந்திருக்கவில்லை.

அம்மா வீணை டீச்சர். தமிழ்நாட்டில் பாட்டு கற்றவர்களுக்குத் தெரியும், தெலுங்குக் கீர்த்தனையைத் தமிழ் எழுத்தில் நோட்டில் எழுதி, தாளத்துக்கு வெட்டி, அப்படியே மனப்பாடம் செய்வோம். "நிதிசா... லசுகமா" என்றுதான் நான் பல வருஷம் பாடினேன். நாகையா பாடுவதில் ஒரே வரியை மாற்றி மாற்றிப் பாடும் பெரிய சங்கதி ஒன்றும் இருக்காது. ஒவ்வொரு சொல்லும் பேசுவது போல முழுசாக வந்து விழும். படம் பார்த்த ராத்திரி பழைய நோட்டை எடுத்துச் சொற்களைப் பிரித்துப் பார்த்தேன். நிதி, சால, சுகமா. அந்த 'சால' நம்முடைய 'சாலச் சிறந்தது' சாலதான்! அம்மாவிடம் சொன்னால், "இத்தனை நாள் என்னன்னு நினைச்சே?" என்று கேட்டாள். என்ன சொல்வது?

மதுரை பழைய பட ரசிகன்:
எல்லோரும் கொண்டாடுகிறீர்கள், நான் கொஞ்சம் குறுக்கே பேசுகிறேன். பிற்காலத் தமிழ்ப் படங்களில் அவர் அழுகை எனக்குத் திகட்டும். 'எதிர்பாராதது' பார்த்திருப்பீர்கள். மகன் விரும்பிய பெண்ணையே தெரியாமல் மணந்துவிடும் அப்பா வேடம். கதை கேட்கிற அழுகைதான், மறுக்கவில்லை. ஆனால் தோளில் துண்டு போட்ட துயர அப்பா என்றால் கூப்பிடு நாகையாவை என்று ஆக்கிவிட்டார்கள்.

இதே ஆள் 1941இல் 'அசோக் குமார்' படத்தில் தியாகராஜ பாகவதருக்கு எதிரே சக்கரவர்த்தி அசோகனாக நின்றவர். 1945 'மீரா'வில் எம்.எஸ். சுப்புலட்சுமி நடித்த மீராவின் கணவர் ராணா. என் அப்பா அந்தப் படத்துக்குப் போனது எம்.எஸ். பாட்டுக்காக. திரும்பி வந்து பேசியது ராணாவைப் பற்றியும் சேர்த்துத்தான். மனைவி மேல் ஆசையும் உண்டு, ராஜ்யத்துக்குப் பதில் சொல்ல வேண்டிய கஷ்டமும் உண்டு. வேறொருவர் நடித்திருந்தால் ராணா வில்லனாகியிருப்பான்.

தி.நகர் வாசி:
மதுரைக்காரர் சொன்னது சரிதான். ஆனால் அந்தத் துயர அப்பா வேடங்களுக்குப் பின்னால் பணக்கஷ்டமும் இருந்தது. உச்சத்தில் இருந்தபோது பெரிய சம்பளம் வாங்கியவர், கேட்டவருக்கெல்லாம் கொடுத்துக் கொடுத்தே கையைக் காலி செய்தார் என்பது சினிமா உலகில் இன்றும் சொல்கிற கதை. 1965இல் பத்மஸ்ரீ வந்தது. கடைசிவரை சின்னச் சின்ன வேடங்களில் வந்துகொண்டேதான் இருந்தார். 1973 டிசம்பர் 30 அன்று சென்னையில் காலமானார்.

போன பொங்கலுக்கு ஊருக்குப் போனபோது 'ஸ்வர்க்க சீமா' படத்தை அப்பாவுக்குப் போட்டுக் காட்டினேன். 1945இல் பி.என். ரெட்டி எடுத்தது. பத்திரிகை நடத்தும் நாகையா, மனைவியை மறந்துவிட்டு நடிகை பானுமதி பின்னால் போகிற கதை. கறுப்பு முடி, மழித்த முகம், பானுமதியைப் பார்க்கும்போது கண்ணில் ஒரு கிறுக்கு. அப்பா கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு கால் மணி நேரம் பார்த்தார்.

"யாருடா இது?"

"நாகையாப்பா. நீங்கதானே எனக்குச் சொன்னீங்க?"

"போடா. அவரு எப்பவுமே வயசானவரு."