புதுப்பிப்பு: பட்டர்ஃபிளை வீட் பிழைத்துவிட்டது!

அமெரிக்காவின் கன்சாஸில் எங்கள் தோட்டத்தில் போன வருடம் நட்ட பட்டர்ஃபிளை வீட் என்ற பூச்செடி, ஏப்ரல் முடிந்தும் தலைகாட்டவில்லை. பிடுங்கிவிடலாமா என்று கேட்டிருந்தேன். பொறுங்கள் என்றவர்களுக்கு ரொம்ப நன்றி. மே நடுவில், காய்ந்த தண்டுக்குப் பக்கத்திலேயே மூன்று முளைகள்! மண் நன்றாகச் சூடான பிறகுதான் இது எழும். பிடுங்கியிருந்தால் அவ்வளவுதான், ஆணிவேர் அறுந்தால் எளிதில் தேறாது. ஆழமாக இறங்கும் அதே வேர்தான் வறட்சியிலும் காப்பாற்றுகிறது. ஜூலையில் மூன்று வாரம் மழையில்லை, நானும் தண்ணீர் விடவில்லை, ஓர் இலைகூட வாடவில்லை.

இந்தச் செடி நம் எருக்குக்கு உறவுதான், ஆனால் தண்டை ஒடித்தால் பால் வராது. அப்புறம், இன்று காலை ஆரஞ்சுப் பூங்கொத்துக்கு அடியில் கறுப்பு, வெள்ளை, மஞ்சள் வரிபோட்ட மோனார்க் பட்டாம்பூச்சியின் புழு ஒன்று, இலையை ஓரத்திலிருந்து கடித்துக்கொண்டிருந்தது. மருந்து எதுவும் அடிக்கமாட்டேன். தின்னட்டும்.