மிலிட்டரித் தாத்தாவின் முதலாம் ஆண்டு நினைவு ஆராதனை: வாழ்க்கைக் குறிப்பு, மெடல், கல்லறைக் கல்

தக்கலை பேத்தி கேட்டது:

தாத்தா மெட்ராஸ் ரெஜிமென்டில் ஹவில்தாராக இருந்தவர். சேர்ந்தது 1963, பி.பி.ஓ.வில் (பென்ஷன் ஆணையில்) மொத்த சர்வீஸ் 15 வருடம் என்று இருக்கிறது. அடுத்த மாதம் எங்கள் சி.எஸ்.ஐ. சபையில் முதலாம் ஆண்டு நினைவு ஆராதனை. வாழ்க்கைக் குறிப்பு வாசிக்கும் பொறுப்பு எனக்கு. "15 ஆண்டுகள் எல்லையில் நின்று, 1965, 1971 இரண்டு போர்களிலும் முன்னணியில் போரிட்டார்" என்று எழுதி வைத்திருக்கிறேன். இதைக் கல்லிலும் வெட்டலாமா? டப்பாவில் நட்சத்திர வடிவ மெடல் ஒன்றும் வட்டமானவை நான்கும் கிடக்கின்றன, ரிப்பன் இற்றுப்போய்விட்டது. கல்லறை மேல் தேசியக் கொடி விரிக்க வேண்டும் என்று மாமா சொல்கிறார். எது சரி?

வெலிங்டன்:

அந்த வரியை இப்போதைக்கு நிறுத்தி வையுங்கள் தங்கச்சி. டிஸ்சார்ஜ் புக்கைத் தேடுங்கள். சேர்ந்த தேதி, விடுவித்த தேதி, காரணம், நன்னடத்தை மதிப்பீடு, மெடல் விவரம் எல்லாம் அதில் இருக்கும். பி.பி.ஓ. பென்ஷனுக்கான தாள், வாழ்க்கையைச் சொல்லாது. அந்தக் காலத்தில் சேர்ந்த பலருக்குச் சர்வீஸ் இரண்டு துண்டு: படையில் நேரடியாகப் பணி செய்யும் கலர் சர்வீஸ், அதற்குப் பிறகு ரிசர்வ். சிலருக்கு 7+8, சிலருக்கு 10+5. ரிசர்வ் காலத்தில் ஆள் ஊரில்தான் இருப்பார், கூப்பிட்டால் போக வேண்டும். ஆகவே 15 வருடமும் எல்லையில் என்று எழுதினால் பிசகிவிடும்.

போர் விஷயத்தில் மெடல்தான் சாட்சி. 1965-க்கு இரண்டு உண்டு. சமர் சேவா ஸ்டார் போர்ப் பகுதியில் இருந்தவருக்கு. ரக்‌ஷா மெடல் அப்போது படையில் இருந்து, 180 நாள் சர்வீஸ் முடித்த எல்லோருக்கும். 1971-லும் அப்படியே. கிழக்கு முனையில் இருந்தவருக்குப் பூர்வி ஸ்டார், மேற்கில் இருந்தவருக்குப் பஸ்சிமி ஸ்டார், பொதுவாகக் கிடைத்தது சங்க்ராம் மெடல். 15 ஆகஸ்ட் 1972 அன்று பணியில் இருந்தவர்களுக்குச் சுதந்திர வெள்ளிவிழா மெடல் ஒன்றும் உண்டு. ரக்‌ஷாவையும் சங்க்ராமையும் பார்த்துவிட்டு "போர்முனையில்" என்று எழுதுவதுதான் எல்லா வீட்டிலும் நடக்கும் தவறு.

புக் கிடைக்காவிட்டால் நீலகிரி வெலிங்டனில் உள்ள ரெஜிமென்ட் ரெக்கார்ட்ஸ் அலுவலகத்துக்குப் பாட்டி பெயரில் கடிதம் போடுங்கள். ஆர்மி நம்பர், ரேங்க், பெயர், பி.பி.ஓ. நகல், இறப்புச் சான்று நகல் சேர்க்க வேண்டும். நம்பர் இல்லாத கடிதம் நகராது. மெடலின் விளிம்பைப் பூதக்கண்ணாடியில் பாருங்கள், நம்பரும் பெயரும் பொறித்திருக்கும். ஹவில்தாருக்கு அடுத்த ரேங்கான நாயப் சுபேதார் ஆனவர்களுக்கு ஜே.சி. என்று தொடங்கும் புது நம்பர் வந்திருக்கும், பழைய மெடலில் பழைய நம்பர் இருக்கும். இரண்டும் ஒரே ஆள்தான், குழம்ப வேண்டாம்.

பழம்பொருள் பேழை:

மெடலை பிராசோ (உலோக மெருகு திரவம்) போட்டுத் தேய்க்காதீர்கள். விளிம்பு எழுத்துத்தான் முதலில் மழுங்கும். மெல்லிய பருத்தித் துணியால் ஒற்றி எடுத்தால் போதும். ரிப்பன் அகலம் 32 மி.மீ., கன்டோன்மென்ட் பக்கம் ராணுவ உடை விற்கும் கடைகளில் மெடல் பெயர் சொல்லிக் கேட்டால் தருவார்கள். பழைய ரிப்பனைக் கவரில் போட்டு, மெடல்களை வைத்து மாட்டும் கண்ணாடிச் சட்டத்தின் பின்னால் வைத்துவிடுங்கள், எறிய வேண்டாம்.

சட்டத்துக்கு உள்ளாழம் 25 மி.மீ.யாவது வேண்டும், இல்லாவிட்டால் கண்ணாடி மெடல் மேல் அழுத்தும். பசை, ஹாட் குளூ கூடாது. பின்னட்டையில் துளையிட்டுப் பருத்தி நூலால் கட்டுங்கள். பி.வி.சி. உறையில் வைத்தால் செம்பு கலந்த உலோகத்தில் பச்சை பூக்கும். கடற்காற்று வீசும் ஊரில் அது இன்னும் சீக்கிரம் வரும். எதிர் வெயில் படும் சுவரில் மாட்டினால் ரிப்பன் வெளுத்துவிடும். ஒரு மெடல் தொலைந்து நகல் வாங்கினால், பின்னட்டையில் "நகல்" என்று எழுதி வையுங்கள்.

சபைக் காரியதரிசி:

கொடி விஷயத்தில் மாமாவிடம் பணிவாக மறுத்துவிடுங்கள். அரசு மரியாதையோடோ ராணுவ மரியாதையோடோ நடக்கும் அடக்கத்தில்தான் பெட்டி மேல் கொடி போர்த்தலாம், அதுவும் காவி தலைப்பக்கம் இருக்க வேண்டும், குழிக்குள் இறக்கக் கூடாது. தனியார் நிகழ்ச்சியில் விரிப்பாகப் பயன்படுத்துவது 1971-ஆம் ஆண்டு தேசிய மரியாதை அவமதிப்புத் தடுப்புச் சட்டப்படி குற்றம். கம்பத்தில் கட்டிய கொடியை மேடையில் பேசுகிறவரின் வலப்பக்கம் வைக்கலாம், தடையில்லை.

கல்லில் ராணுவச் சின்னமும் வேண்டாம். இந்திய ராணுவ முத்திரையில் அசோகச் சிங்கம் இருக்கிறது. அரசுச் சின்னத்தைத் தனியார் பயன்படுத்த 2005 சட்டம் தடை போடுகிறது. சிலுவை, பெயர், ரேங்க், ரெஜிமென்ட், இரண்டு தேதி போதும். ஞானஸ்நானப் பதிவேட்டுப் பெயரும் ஆர்மிப் பெயரும் எழுத்தில் மாறியிருந்தால் கல்லில் பதிவேட்டுப் பெயரைப் போடுங்கள். பென்ஷன் தாள்களில் உள்ளதைத் தொடாதீர்கள், பாட்டியின் குடும்ப பென்ஷன் சிக்கும். வசனத்துக்கு 2 தீமோத்தேயு 4:7 (நல்ல போராட்டத்தைப் போராடினேன்) பொருந்தும். யோவான் 15:13 (சிநேகிதருக்காக ஜீவனைக் கொடுக்கும் அன்பு) களத்தில் உயிர் விட்டவருக்குரியது, வீட்டில் நித்திரையடைந்தவருக்குப் போட்டால் படிப்பவர் தவறாக எண்ணுவார். வெட்டும் முன் சபைக் கமிட்டியின் எழுத்து அனுமதி வாங்குங்கள், தட்டச்சுப் பிரதியில் போதகர் ஐயா கையெழுத்து இருக்கட்டும். கருங்கல்லில் எழுத்தை வெட்டிய பிறகு திருத்த இடமில்லை.

வாசிப்பு ஐந்து நிமிடம், ஏறத்தாழ 400 சொல். முன்னாள் படைவீரர்கள் வந்தால் கடைசிப் பாட்டுக்கு முன் லாஸ்ட் போஸ்ட் என்ற பியூகிள் இசை, இரண்டு நிமிட மௌனம், ரௌஸ் என்ற பியூகிள் இசை என்ற வரிசையில் வையுங்கள். பியூகிள் வாசிப்பவர் இல்லாவிட்டால் ஒலிப்பதிவு போதும், ஆனால் ஸ்பீக்கரை முந்தின நாளே சோதியுங்கள். சல்யூட் படைவீரர்களுக்கு மட்டும், மற்றவர்கள் எழுந்து நின்றால் போதும். பாமாலையில் "என்னோடிரும் மா நேச கர்த்தரே" பொருத்தமாக இருக்கும். டெல்லியில் குடியரசு தின விழா முடிவில் நடக்கும் பீட்டிங் ரிட்ரீட் அணிவகுப்பில் 2022-க்கு முன் பல்லாண்டு வாசித்த ராகம் அது, வரும் பழைய சிப்பாய்களுக்குத் தெரிந்திருக்கும்.

தக்கலை பேத்தி:

புக் கிடைத்தது. கலர் 10, ரிசர்வ் 5. மெடல் பக்கத்தில் ரக்‌ஷா, பூர்வி ஸ்டார், சங்க்ராம், வெள்ளிவிழா, 9 வருட சர்வீஸ் மெடல். சமர் சேவா இல்லை.

வெலிங்டன்:

கணக்கு சரியாக இருக்கிறது, ஐந்தும் உங்கள் டப்பாவில் உள்ள ஐந்துதான். இப்படி எழுதுங்கள்: "1963-இல் மெட்ராஸ் ரெஜிமென்டில் சேர்ந்து 10 ஆண்டு படையிலும் 5 ஆண்டு ரிசர்விலும் இருந்தார். 1965 போர்க்காலத்தில் பணியில் இருந்தார். 1971 போரில் கிழக்கு முனையில் சேவை செய்து பூர்வி ஸ்டார் பெற்றார்." கல்லில் ரேங்க், ரெஜிமென்ட், 1963–1973 மட்டும் போதும்.