புதுப்பிப்பு: முயலின் தும்மலும் மூக்குச்சளியும்

எங்கள் முயலுக்கு ஓயாத தும்மல், மூக்கில் வெள்ளைச் சளி, என்ன செய்யலாம் என்று முன்பு கேட்டிருந்தேன். அக்கறையோடு பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி. இப்போது தேறி வருகிறாள்.

மருத்துவர் மூக்கைப் பார்க்கும் முன் முன்னங்கால்களைத்தான் திருப்பிப் பார்த்தார். உள்பக்க முடி பிசுபிசுத்து, கொத்துக்கொத்தாக ஒட்டிக் காய்ந்திருந்தது. முயல் காலால் மூக்கைத் துடைத்துக்கொண்டே இருக்கும். அதனால் மூக்கு சுத்தமாகத் தெரிந்தாலும் கால் காட்டிக்கொடுத்துவிடும். சளியைப் பரிசோதனைக்கு அனுப்பியதில் பாஸ்டுரெல்லா கிருமி என்று வந்தது. மேல்பல்லின் வேரில் கோளாறு இருந்தாலும் இதே மாதிரி ஒழுகுமாம். எக்ஸ்ரே எடுத்தார்கள், பல்லில் பிரச்சினை இல்லை.

என்ரோஃப்ளாக்ஸசின் என்ற ஆன்டிபயாடிக் மருந்து வாய்வழியாக, கூடவே நெபுலைசர் (மருந்தை நுண்துளிகளாக்கி மூச்சோடு உள்ளே செலுத்தும் கருவி). வீட்டில் இருக்கும் அமாக்ஸிசிலினைக் கொடுக்கலாமா என்று ஒருவர் கேட்டிருந்தார். தயவுசெய்து வேண்டாம்! அது வாய்வழியாகப் போனால் முயலின் குடலில் உள்ள நல்ல பாக்டீரியாக்கள் அழிந்து, உயிருக்கே ஆபத்தாகிவிடும்.

கூண்டில் சிறுநீர் நாற்றம் தங்கவே விடுவதில்லை. அந்த அமோனியா மூச்சுப்பாதையைப் புண்ணாக்கும். உலர்புல்லையும் தூசி உதறித்தான் வைக்கிறோம்.

முயல் இயல்பாக மூக்கால்தான் மூச்சு விடும். வாயைத் திறந்து மூச்சு வாங்கினாலோ, அரை நாள் சாப்பிடாமல் இருந்தாலோ, நடு இரவானாலும் மருத்துவரிடம் தூக்கிக்கொண்டு ஓடுங்கள்.

கிருமி உள்ளே பதுங்கியிருந்து திரும்பத் தலைகாட்டலாம் என்றார் மருத்துவர். அதனால் இன்னொரு முயலை இன்னும் தனியாகவே வைத்திருக்கிறோம். அடுத்த வாரம் மறுபரிசோதனை.