வைஃபை விட்டு விட்டு வருகிறதா? எந்தப் பக்கம் அறுகிறது என்று கண்டுபிடித்த அனுபவங்கள்

ஸ்ரீரங்கத்திலிருந்து:

வீட்டு கம்ப்யூட்டரில் நெட் விட்டு விட்டு வந்தால் முதலில் தெரிய வேண்டியது ஒன்றுதான். கம்ப்யூட்டருக்கும் ரவுட்டருக்கும் நடுவில் அறுகிறதா, இல்லை ரவுட்டரைத் தாண்டி வெளியே போகும் லைனில் அறுகிறதா? இது தெரியாதவரை கேபிள்காரர் "லைன் நல்லா இருக்கும்மா, உங்க சிஸ்டம்தான்" என்பார். சிஸ்டம் பார்க்க வருபவர் "கம்ப்யூட்டர்ல ஒண்ணும் இல்லம்மா, லைன்காரரைக் கேளுங்க" என்பார். இருவரும் பொய் சொல்வதில்லை. அவரவர் வந்து பார்க்கும் அந்த அஞ்சு நிமிஷம் எல்லாம் சரியாகவே ஓடும். மாட்டிக்கொள்வது நாம்தான்.

நான் வீட்டிலிருந்தபடி ஓர் ஆடிட்டருக்குக் கணக்கு வேலை செய்கிறேன். மாதா மாதம் ஜிஎஸ்டி வரிக் கணக்குப் படிவங்களில் 11ஆம் தேதிக்குள் ஜிஎஸ்டிஆர்-1, 20ஆம் தேதிக்குள் 3பி போயாக வேண்டும். ஓடிபி வந்து, அதை அடித்து, கடைசி பட்டனை அழுத்தும் நேரத்தில் நெட் நின்றால் திரும்ப முதலிலிருந்து உள்ளே போக வேண்டும். தேதி தாண்டினால் தாமதக் கட்டணம் கட்டுவது யாரோ ஒரு மளிகைக் கடைக்காரர். அதனால் இதைச் சின்ன விஷயம் என்று என்னால் விட முடியவில்லை.

கண்டுபிடிக்க உதவியது இரண்டு கறுப்பு ஜன்னல்கள். விண்டோஸில் கமாண்ட் பிராம்ப்ட்டை இரண்டு முறை திறந்து பக்கத்தில் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். ஒன்றில் ரவுட்டரின் எண்ணுக்கு பிங் (ping) கொடுங்கள், அதாவது பதில் வருகிறதா என்று தட்டிப் பார்க்கும் கட்டளை. பெரும்பாலும் 192.168.1.1 அல்லது 192.168.0.1 ஆக இருக்கும். ஐபிகான்ஃபிக் (ipconfig) என்று அடித்தால் டிஃபால்ட் கேட்வே என்ற வரியில் சரியான எண் இருக்கும். இன்னொன்றில் 8.8.8.8 என்ற வெளி எண்ணுக்கு பிங். எண்ணுக்குப் பின் ஓர் இடம் விட்டு, கழித்தல் குறியும் ஆங்கில டி எழுத்தும் சேர்த்தால் நாமாக நிறுத்தும்வரை ஓடிக்கொண்டே இருக்கும். அதைப் பார்த்துக்கொண்டே வழக்கமான வேலையைச் செய்யுங்கள். நெட் நிற்கும் நொடியில் இரண்டு ஜன்னலும் சேர்ந்து 'ரிக்வெஸ்ட் டைம்ட் அவுட்' என்றால் கோளாறு வீட்டுக்குள். ரவுட்டர் ஜன்னல் பாட்டுக்கு பதில் வாங்கிக்கொண்டிருக்க, வெளி ஜன்னல் மட்டும் நின்றால் கோளாறு லைனில். வேறு எந்த சாஃப்ட்வேரும் வேண்டாம், காசும் வேண்டாம்.

எங்கள் வீட்டில் இரண்டும் சேர்ந்துதான் நின்றன. ஆனால் திடீரென்று இல்லை. ரவுட்டரிலிருந்து 2, 3 மில்லிசெகண்டில் வந்துகொண்டிருந்த பதில் 300 ஆனது, 800 ஆனது, அப்புறம் நின்றே போனது. அந்த நேரத்தில் எக்ஸ்டர்னல் ஹார்ட் டிஸ்க்கில் டேலி என்ற கணக்கு சாஃப்ட்வேரின் பேக்கப் ஓடிக்கொண்டிருந்தது. பேக்கப் முடிந்ததும் எண்கள் இறங்கி 2, 3க்கே வந்துவிட்டன. மறுபடி பேக்கப் போட்டேன், மறுபடி ஏறியது. ஹார்ட் டிஸ்க்கைப் பிடுங்கினேன், இறங்கியது.

காரணம் இதுதான். ஹார்ட் டிஸ்க் செருகியிருந்தது நீல நிற யூஎஸ்பி 3 சாக்கெட்டில். அதற்கு ஒட்டின சாக்கெட்டில் கட்டைவிரல் நகம் அளவே உள்ள வைஃபை டாங்கிள், கம்ப்யூட்டர் வைஃபை பிடிப்பதே அதன் வழியாகத்தான். யூஎஸ்பி 3இல் டேட்டா 5 ஜிகாபிட் வேகத்தில் ஓடும்போது 2.4 ஜிகாஹெர்ட்ஸ் பகுதியில் ரேடியோ இரைச்சல் கசிகிறது. 150 எம்பிபிஎஸ் என்று அட்டையில் போட்டு விற்கும் சின்ன டாங்கிள்கள் வேலை செய்வதும் அதே 2.4இல் மட்டும்தான். இது ஊகம் இல்லை. இன்டெல் நிறுவனமே 2012இல் இந்த இரைச்சலைப் பற்றித் தனி அறிக்கை வெளியிட்டது. ஒரு மீட்டர் யூஎஸ்பி எக்ஸ்டென்ஷன் ஒயர் வாங்கி, டாங்கிளை கேபினட்டின் முதுகிலிருந்து எடுத்து மேஜைக்கு மேலே, ரவுட்டர் இருக்கும் திசையில் சுவரில் ஒட்டினேன். அதன்பின் பேக்கப் ஓடினாலும் எண்கள் அசையவில்லை. டாங்கிளைக் குறை சொல்லித் தூக்கிப் போடுகிறவர்கள் எத்தனையோ பேர். தயவுசெய்து முதலில் இடத்தை மாற்றிப் பாருங்கள்.

அடுத்தது சேனல், அதாவது வைஃபை பேசும் அலைவரிசை எண். எங்கள் ஃபிளாட்டில் எல்லா வீட்டிலும் வைஃபை உண்டு. போனில் ஒரு வைஃபை அனலைசர் ஆப் போட்டுப் பார்த்தால் பாதி வீடுகள் ஒரே சேனலில் குவிந்திருந்தன. 2.4இல் நம் நாட்டில் 13 சேனல் இருந்தாலும், ஒன்றுக்கொன்று 5 மெகாஹெர்ட்ஸ் தூரம்தான். ஒரு வைஃபைக்கோ 20 மெகாஹெர்ட்ஸ் அகலம் வேண்டும். அதனால் ஒன்றின் மேல் ஒன்று ஏறாமல் இருக்க வழக்கமாக எடுத்துக்கொள்வது 1, 6, 11. ரவுட்டர் செட்டிங்கில் ஆட்டோவை எடுத்துவிட்டு, கூட்டம் குறைந்த 11ஐ வைத்தேன். அகலத்தை 40இலிருந்து 20க்குக் குறைத்தேன். ஸ்பீட் டெஸ்ட்டில் எண் கொஞ்சம் குறையும், ஆனால் அறுபடாது. எனக்கு வேகத்தைவிட அறுபடாமல் இருப்பதுதான் முக்கியம், கணக்கு வேலை செய்யும் எவருக்கும் அப்படித்தான் இருக்கும்.

இதெல்லாம் சரியாகி நன்றாக ஓடிக்கொண்டிருந்தபோது ஒரு மழை நாளில் வெளி ஜன்னல் மட்டும் நின்றது. ரவுட்டரில் லைனில் ஒளி சரியாக வராததைக் காட்டும் லாஸ் (LOS) என்ற விளக்கு சிவப்பாக மினுக்கியது. இரண்டு ஜன்னலையும் சேர்த்துப் போட்டோ எடுத்து கேபிள்காரருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பினேன். இந்த முறை "உங்க சிஸ்டம்தான்" என்ற பேச்சே வரவில்லை. லைன்மேன் பவர் மீட்டரோடு வந்து ஒளி அளவு எடுத்தார்: மைனஸ் 29 டிபிஎம் (dBm). மைனஸ் 27க்குக் கீழே போனாலே வீட்டு ஃபைபர் பெட்டி தடுமாறும் என்று சொல்லி, ஒயரைத் தடவிக்கொண்டே போனார். பால்கனிக் கதவின் கீல் பக்கம் ஃபைபர் மடங்கி நசுங்கியிருந்தது. அந்தத் துண்டை வெட்டி எடுத்துவிட்டுப் புதிதாக ஒட்டினார்; மைனஸ் 21 வந்தது. ஃபைபர் கண்ணாடி இழை, காப்பர் ஒயர் மாதிரி மடக்கக் கூடாது. வீடு பெருக்கும்போது ஆணியில் சுருட்டி மாட்டுபவர்கள் கவனித்துக்கொள்ளுங்கள்.

கோவையிலிருந்து:

அக்கா, இரண்டு ஜன்னல் விஷயத்தை இன்றுதான் கேள்விப்படுகிறேன், நன்றி. எங்கள் வீட்டில் காரணம் வேறாக இருந்தது. சாயங்காலம் பிள்ளைகள் டிவியில் ஒன்றும் போனில் ஒன்றும் பார்க்க, நான் கம்ப்யூட்டரில் உட்கார்ந்தால் நெட் நிற்கும். இரண்டு மூன்று நிமிஷத்தில் தானாக வரும். ஒரு நாள் ரவுட்டர் எதிரிலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்து பார்த்தேன். எல்லா விளக்கும் ஒரு கணம் அணைந்து, முதலிலிருந்து ஒவ்வொன்றாக ஏறியது. அதாவது நெட் அறுபடவில்லை, ரவுட்டரே அணைந்து திரும்ப எழுந்துகொண்டிருந்தது.

அடாப்டர்தான் கெட்டிருந்தது. வருஷக்கணக்கில் 24 மணி நேரமும் சூட்டில் கிடந்து, உள்ளே இருக்கும் கெப்பாசிட்டர் வறண்டுவிடுகிறதாம். மல்டிமீட்டர் வைத்தால் 12 வோல்ட் சரியாகக் காட்டும். ரவுட்டர் கூடுதல் வேலை செய்து கூடுதல் கரண்ட் இழுக்கும்போதுதான் சரியும். எலக்ட்ரானிக்ஸ் கடையில் 12 வோல்ட் 2 ஆம்பியர் அடாப்டர் வாங்கி மாட்டியதோடு சரியாகிவிட்டது. பழையது 1 ஆம்பியர். ஆம்பியர் கூட இருக்கலாம், வோல்ட் மட்டும் அச்சாக அதே இருக்க வேண்டும். பின்னின் நடுவில் பிளஸ்ஸா மைனஸா என்ற படமும் பழையதோடு ஒத்துப்போக வேண்டும். கடைக்குப் பழைய அடாப்டரையே கையோடு கொண்டு போங்கள்.

கரண்ட் போய் இன்வெர்ட்டர் எடுத்துக்கொள்ளும் அந்த ஒரு கணத்தில் ரவுட்டர் அணைந்து எழுவதும் இதே வகை. எங்கள் பக்கம் மழைக்காலத்தில் அடிக்கடி நடக்கும். ரவுட்டருக்கென்றே விற்கும் 12 வோல்ட் மினி யூபிஎஸ் போட்டபின் அந்தத் தொல்லையும் இல்லை.

நாகர்கோவிலிலிருந்து:

நம்ம வீட்டில் லேப்டாப்தான். கொஞ்ச நேரம் தொடாமல் விட்டுவிட்டுத் திரும்ப வந்தால் வைஃபை போயிருக்கும். பேட்டரியை மிச்சம் பிடிக்க விண்டோஸே வைஃபை கார்டை அணைத்துவிடுகிறது. டிவைஸ் மேனேஜரில் வைஃபை கார்டின் ப்ராப்பர்டீஸ் திறந்து, பவர் மேனேஜ்மென்ட் பக்கத்தில், இந்தக் கருவியைக் கம்ப்யூட்டர் அணைக்கலாம் என்ற டிக்கை எடுத்தேன். பெரிய அப்டேட் வந்தபின் டிக் திரும்ப ஏறியிருந்தது, மறுபடி எடுத்தேன். சில மாடல்களில் அந்தப் பக்கமே இருக்காது.

இன்னொன்று, கமாண்ட் பிராம்ப்ட்டை அட்மினிஸ்ட்ரேட்டராகத் திறந்து, நெட்ஷ் கட்டளையில் டபிள்யூலான்ரிப்போர்ட் கேட்டால் (netsh wlan show wlanreport என்று அடிக்க வேண்டும்) கடைசி 3 நாளில் வைஃபை எப்போதெல்லாம் அறுந்தது, ஏன் அறுந்தது என்று விண்டோஸே ஒரு பக்கம் தயாரித்துக் கொடுக்கும். எனக்கு அதில்தான் பிடிபட்டது.

லண்டனிலிருந்து:

எந்த நேரத்தில் அறுகிறது என்று எழுதி வைப்பது ரொம்ப முக்கியம். வேல்ஸில் அபெர்ஹோசன் என்று ஒரு கிராமம். அங்கே ஒன்றரை வருஷமாகத் தினமும் காலை 7 மணிக்கு ஊர் முழுக்க பிராட்பேண்ட் படுத்துவிடும். கேபிளை எல்லாம் மாற்றிப் பார்த்தும் தீரவில்லை. கடைசியில் அங்கே லைன்களைப் பராமரிக்கும் ஓப்பன்ரீச் நிறுவனத்தின் இன்ஜினியர்கள், ரேடியோ இரைச்சலைக் காட்டும் ஸ்பெக்ட்ரம் அனலைசரோடு விடியற்காலையிலேயே வந்து ஊருக்குள் சுற்றினார்கள். சரியாக 7 மணிக்கு இரைச்சல் கிளம்பியது. தேடிக்கொண்டு போனால் ஒரு வீட்டில் பழைய டிவி. அந்த வீட்டுக்காரர் எழுந்ததும் அதைப் போடுவது வழக்கம். 2020இல் செய்தியாக வந்தது. அது ஒயர் வழி பிராட்பேண்ட், வைஃபை இல்லை. ஆனாலும் அவர்களுக்குத் துப்புக் கொடுத்தது கடிகாரம்தான்.

வைஃபைக்கும் இதைச் செய்யலாம். மைக்ரோவேவ் அவன் வேலை செய்வது 2.45 ஜிகாஹெர்ட்ஸில். சாப்பாட்டு நேரத்தில் மட்டும் அறுந்தால் சமையலறையைப் பாருங்கள்.

மதுரையிலிருந்து:

அக்கா, ஒரு சந்தேகம். நான் 2.4ஐ விட்டு ரவுட்டரின் 5 ஜிகாஹெர்ட்ஸ் வைஃபைக்கு மாறிவிட்டேன். நன்றாக ஓடுகிறது, ஆனால் எப்போதாவது அந்த வைஃபை பெயரே பட்டியலில் காணாமல் போய்விடுகிறது. கொஞ்ச நேரத்தில் திரும்ப வருகிறது. 2.4 பெயர் அப்படியே இருக்கிறது. கார்டு போய்விட்டதா? கம்ப்யூட்டர் மாடியறையில், ரவுட்டர் கீழே ஹாலில்.

ஸ்ரீரங்கத்திலிருந்து:

தம்பி, பெயரே மறைகிறது என்றால் போனிலும் மறைகிறதா என்று முதலில் பாருங்கள். போனிலும் மறைந்தால் கார்டில் தப்பில்லை. ரவுட்டர் எந்த 5 ஜிகாஹெர்ட்ஸ் சேனலில் இருக்கிறது என்று பார்த்துக்கொள்ளுங்கள். 52 முதல் 144 வரை உள்ள சேனல்கள் வானிலை ரேடார் போன்றவையும் பயன்படுத்தும் பகுதி. அங்கே ரேடார் மாதிரி ஏதாவது ரவுட்டர் காதில் விழுந்தால் உடனே அந்தச் சேனலைக் காலி செய்ய வேண்டும் என்பது விதி. புதுச் சேனலும் அந்தப் பகுதியிலேயே அமைந்தால் ஒரு நிமிஷமாவது சும்மா கேட்டுவிட்டுத்தான் பேச ஆரம்பிக்கும். பெயர் மறைந்து வருவது பெரும்பாலும் இதனால்தான். சேனலை 36, 40, 44, 48இல் ஒன்றாக வையுங்கள். 149க்கு மேலும் வைக்கலாம், நம் நாட்டில் 2018இலிருந்து அந்தப் பகுதியும் லைசென்ஸ் இல்லாமல் திறந்திருக்கிறது.

ஆனால் உங்கள் வீட்டில் நடுவே கான்கிரீட் தளம் இருக்கிறது. 5 ஜிகாஹெர்ட்ஸுக்கு அது பெரிய தடை. ரவுட்டர் டிவிக்குப் பின்னாலோ இரும்பு பீரோ மேலேயோ இருந்தால் இன்னும் மோசம். ரிப்பீட்டர் வாங்கச் சொல்வார்கள். மலிவான ரிப்பீட்டர் ஒரே ரேடியோவில் கேட்டு அதிலேயே திருப்பிச் சொல்வதால் வேகம் பாதியாகிவிடும், நான் அதை யாருக்கும் சொல்ல மாட்டேன். உங்களுடையது மேஜையில் ஒரே இடத்தில் இருக்கும் கம்ப்யூட்டர் என்றால் கேட்6 லான் கேபிள் இழுத்துவிடுங்கள். 100 மீட்டர் வரை தாங்கும், வீட்டுக்கு அதில் கால்வாசி கூட வேண்டாம். வாடகை வீடு, சுவரில் ஓட்டை போட ஓனர் விடமாட்டார் என்றால் ஜன்னல் ஓரமாக வெளியே விட்டு மாடி ஜன்னல் வழியாக உள்ளே எடுக்கலாம். வெயிலைத் தாங்கும் அவுட்டோர் கேபிள் என்று கேட்டு வாங்குங்கள்.

கேபிள் முனையில் பிளக்கை அழுத்திப் பொருத்த (கிரிம்ப் செய்ய) ஆள் வந்தால், அவர் கிளம்புமுன் நெட்வொர்க் செட்டிங்கில் லிங்க் ஸ்பீட் எவ்வளவு காட்டுகிறது என்று பாருங்கள். ரவுட்டரும் கம்ப்யூட்டரும் ஜிகாபிட் போர்ட் உள்ளவை என்றால் 1 ஜிபிபிஎஸ் வர வேண்டும். 100 எம்பிபிஎஸ் என்று நின்றால் எட்டு ஒயரில் ஏதோ ஒன்று சரியாகப் பிடிக்கவில்லை. கையோடு வெட்டித் திரும்ப கிரிம்ப் செய்யச் சொல்லுங்கள்.