மொம்பாசா பழைய நகரில் வேளைக்கு ஒரு தெருச் சாப்பாடு

கென்யாவின் கடலோர நகரமான மொம்பாசாவுக்குப் போகிறவர்கள் பெரும்பாலும் ஃபோர்ட் ஜீசஸ் கோட்டையைச் சுற்றிவிட்டு நேராக டயானி கடற்கரைக்குக் கிளம்பிவிடுகிறார்கள். கோட்டை பார்க்க வேண்டியதுதான். போர்த்துகீசியர் 1593இல் கட்டத் தொடங்கி, 1698இல் ஓமானியரிடம் பறிகொடுத்த கோட்டை அது. ஆனால் அதை ஒட்டியே இருக்கும் பழைய நகரத்துக்கு ஒரு முழு நாள் ஒதுக்குங்கள், அதுவும் ஹோட்டலில் காலைச் சாப்பாடு சாப்பிடாமல்.

காலையில் மஹம்ரியும் ம்பாஸியும். தேங்காய்ப்பாலும் ஏலக்காயும் சேர்த்துப் பிசைந்து பொங்கவிட்ட மாவை முக்கோணமாக வெட்டிப் பொரித்தால் மஹம்ரி. ம்பாஸி நம் துவரைதான். உடைக்காத முழுத் துவரையைத் தேங்காய்ப்பாலில் குழைய வேகவைத்திருப்பார்கள். லேசாக இனிக்கும் மஹம்ரியைப் பிய்த்து அதில் தோய்த்துச் சாப்பிட வேண்டும். துவரையைச் சாம்பாரிலேயே கரைத்துப் பழகிய எனக்கு, இதை ஏன் நாம் செய்வதே இல்லை என்று ஆதங்கமாகிவிட்டது.

அப்புறம் சந்துகளில் நடை. செதுக்கிய மரக்கதவுகள், தெருவுக்கு மேலே நீளும் மர பால்கனிகள். பெட்டிக்கடைகளில் மபுயு விற்கிறார்கள்: பெருக்கமரத்து (பாவோபாப்) விதைகளைச் சர்க்கரைப் பாகிலும் சிவப்புச் சாயத்திலும் புரட்டிய மிட்டாய். புளிப்பு, இனிப்பு, சில கடைகளில் காரமும் உண்டு. நாக்கு சிவந்துவிடும். மன்னாரில் நிற்கும் பெருக்கமரங்கள் அரபு வணிகர்கள் கொண்டுவந்தவை என்று சொல்வார்கள். அதே மரத்தின் விதையை அதன் சொந்தக் கண்டத்தில் சப்பிக்கொண்டே நடந்தது எனக்குப் பெரிய சந்தோஷம்.

மாலையில்தான் தெரு களைகட்டுகிறது. ஒரு வீட்டு வாசலில் வயதான அம்மா ஒருவர் கரி அடுப்பில் வியாஸி கராய் போட்டுக்கொண்டிருந்தார். "ஷிகாமூ" என்றேன், பெரியவர்களுக்கு அங்கே சொல்லும் வணக்கம். "மரஹபா" என்று முகம் மலர்ந்து, பக்கத்திலிருந்த ஸ்டூலைக் காட்டினார். வேகவைத்த உருளைக்கிழங்கை மஞ்சள் நிற மாவில் முக்கி எண்ணெயில் விடுகிறார். மேல் மாவு மொறுமொறுப்பானதும் எடுத்து, கத்தியால் நடுவில் கீறி, அந்தக் கீறலுக்குள் புளிச் சட்னியை ஊற்றுகிறார். சட்னி கிழங்குக்குள் இறங்கும்வரை பொறுக்கச் சொல்லிக் கையைக் காட்டினார். பொறுத்ததற்குப் பலன் இருந்தது. பஜ்ஜியில் மெல்லிய சீவல் போடுகிற நமக்கு, முழுக் கிழங்கின் மாவுத்தன்மையும் புளியின் வெட்டும் சேர்வது புது ருசி. காசு கொடுத்தபோது இன்னொன்றைத் தட்டில் வைத்துவிட்டுத்தான் வாங்கிக்கொண்டார்.

மிஷ்காகி எனப்படும் கரியில் சுட்ட இறைச்சித் துண்டுகளும் மரவள்ளிச் சிப்ஸும் கிடைக்கும். சிப்ஸ் வாங்கினால் மிளகாய்த்தூளும் எலுமிச்சையும் போடச் சொல்லுங்கள். மிஷ்காகி சுடச்சுட மட்டும்.

இருட்டிய பிறகு கஹவா. அடியில் கரித்தணல் வைத்த கூம்பு வடிவப் பித்தளைக் கெண்டியிலிருந்து, பிடியில்லாத சின்னக் கிண்ணத்தில் ஊற்றித் தருகிற கடுங்காப்பி. சர்க்கரை கிடையாது, கசப்புக்குத் துணையாக கஷாட்டா என்ற தேங்காய் பர்பியைக் கடித்துக்கொள்ள வேண்டும். குடிப்பவர்கள் அங்கேயே உட்கார்ந்து நெடுநேரம் பேசுகிறார்கள். நகர்ந்து இடம் தருவார்கள், தயங்காமல் உட்காருங்கள்.

ரமலான் மாதத்தில் போகிறவர்கள் இந்தக் கணக்கை மாற்றிக்கொள்ள வேண்டும். பகலில் தெருவில் பெரிதாக எதுவும் கிடைக்காது. நோன்பு திறக்கும் நேரத்தையொட்டிப் போங்கள்.