லேப்ராஸ்கோபி பயிற்சிக்கு வி.ஆர். சிமுலேட்டர் வாங்கலாமா, பாக்ஸ் டிரெய்னரே போதுமா?

அறுவைத்துறை ஆசிரியர் (கேள்வி)

அனைவருக்கும் வணக்கம். மருத்துவக் கல்லூரி ஒன்றின் பொது அறுவைச் சிகிச்சைத் துறையில் பணியாற்றுகிறேன். லேப்ராஸ்கோபி, அதாவது வயிற்றில் சிறு துளைகள் போட்டுக் கேமராவையும் கருவிகளையும் செலுத்திச் செய்யும் அறுவையைப் பழக்கும் எங்கள் ஸ்கில் லேபை (செய்முறைப் பயிற்சிக்கூடம்) விரிவுபடுத்த நிதி ஒதுக்கியிருக்கிறார்கள். எதை வாங்கலாம் என்று எழுதிக் கொடுக்கும் பொறுப்பு என்னிடம் வந்திருக்கிறது. அண்மையில் ஒரு நிறுவனத்தார் வந்து வி.ஆர். (மெய்நிகர் காட்சி) ஹெட்செட்டை இயக்கிக் காட்டினார்கள். அதை மாட்டிக்கொண்டால் ஆபரேஷன் தியேட்டருக்குள் நிற்பது போலவே இருக்கிறது. மேசையில் நோயாளி, எதிரே உதவியாளர், தலைக்கு நேரே மானிட்டர் என எல்லாம் தெரிகின்றன. பித்தப்பை அகற்றும் அறுவைச் சிகிச்சையின் கட்டங்களும் ஒவ்வொன்றாக வருகின்றன. முதுநிலை மாணவர்களுக்கு அது மிகவும் பிடித்துவிட்டது. ஆனால் கையில் இருப்பது வீடியோ கேம் கன்ட்ரோலர் போன்ற கருவிதான். பித்தப்பையைப் பிடித்து இழுத்தாலும், வெறும் காற்றில் கையை அசைத்தாலும் விரலுக்கு ஒரே உணர்வுதான் கிடைக்கிறது.

உண்மையான கருவிப் பிடிகளைக் கொண்டு, திசுவின் எதிர்விசையையும் கைக்கு உணர்த்தும் கணினி சிமுலேட்டர்களும் இருக்கின்றன. அவற்றில் ஒன்றின் விலைக்குப் பல பாக்ஸ் டிரெய்னர்களை (கேமரா பொருத்திய பெட்டிக்குள் உண்மையான கருவிகளை விட்டுத் திரையைப் பார்த்துப் பழகும் சாதனம்) வாங்கிவிடலாம். திரையில் பழகியது தியேட்டரில் கைகொடுக்கும் என்பதற்கு நம்பத்தக்க சான்று இருக்கிறதா? எதிர்விசை உணர்வு இல்லாத கருவியால் பயன் உண்டா? கண்முன் இருப்பதன்மேல் கணினிப் படத்தைச் சேர்த்துக் காட்டும் ஏ.ஆர். கண்ணாடிகளையும் இப்போதே சேர்த்து வாங்கச் சொல்கிறார்கள், அது அவசியமா? முதுநிலை மாணவர் ஒருவர் தம் முதல் அறுவைச் சிகிச்சையைச் செய்யும்போது மேசையில் படுத்திருப்பவர் பெரும்பாலும் பொது வார்டில் சேர்ந்த ஏழை நோயாளி. அவர் உடலில் வைத்துக் கற்க வேண்டியதைக் கொஞ்சமாவது குறைக்க முடியும் என்றால், அதற்காகவே இந்தப் பணத்தைச் செலவிட வேண்டும் என்று நினைக்கிறேன்.

லேப் சர்ஜன் (பதில்)

டாக்டர், சான்று இருக்கிறது, அதுவும் இருபது ஆண்டுகளுக்கு மேல் பழையது. அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தில் நடந்து 2002-இல் வெளியான ஆய்வில் 16 பயிற்சி மருத்துவர்களை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவினருக்கு மட்டும் மிஸ்ட்-வி.ஆர். என்ற சிமுலேட்டரில் கூடுதல் பயிற்சி அளித்தார்கள். பிறகு இரு பிரிவினரும் உண்மையான நோயாளிகளுக்குப் பித்தப்பையைக் கல்லீரலிலிருந்து பிரித்தெடுத்தார்கள். யார் எந்தப் பிரிவு என்று தெரியாதவர்கள் அதன் வீடியோவைப் பார்த்து மதிப்பிட்டார்கள். சிமுலேட்டரில் பழகியவர்கள் 29 சதவீதம் விரைவாக முடித்தார்கள். பழகாதவர்கள் பித்தப்பையைக் காயப்படுத்தவோ, தொடக்கூடாத திசுவைச் சுட்டுவிடவோ ஐந்து மடங்கு கூடுதல் வாய்ப்பு இருந்தது.

உங்கள் இரண்டாவது கேள்விக்கும் இதே ஆய்வில் பாதி விடை இருக்கிறது. மிஸ்ட்-வி.ஆர். திரையில் கல்லீரலும் இல்லை, ரத்தமும் இல்லை. உருண்டைகளும் பெட்டிகளும் மட்டுமே மிதந்தன. எதிர்விசை உணர்வும் கிடையாது. அப்படியிருந்தும் அது பயன்பட்டதற்குக் காரணம், லேப்ராஸ்கோபியில் கற்றுக்குட்டியை முதலில் தடுமாற வைப்பது திசுவின் தன்மை அன்று, கருவியின் அசைவு. வயிற்றுச் சுவரில் போர்ட் (கருவி நுழையும் குழாய்) இருக்கும் இடத்தையே அச்சாகக் கொண்டு கருவி திரும்புவதால், கையை வலப்பக்கம் கொண்டுபோனால் உள்ளே முனை இடப்பக்கம் போகிறது. அதோடு தட்டையான திரையில் ஆழமும் பிடிபடுவதில்லை. இந்த இரண்டுக்கும் மூளை பழகிக்கொள்ள உருண்டையும் பெட்டியுமே போதுமானவையாக இருந்தன. உண்மையான அறுவையிலும் போர்ட்டின் உராய்வு தொடு உணர்வைப் பெரிதும் மழுக்கிவிடுகிறது. எவ்வளவு இழுக்கலாம் என்பதைத் திசு வெளிறுவதையும் விறைப்பதையும் பார்த்தே தீர்மானிக்கிறோம். ஆனால் தையல் பயிற்சிக்கு இந்த வாதம் பொருந்தாது. நூலின் இழுவையைக் கை உணராமல் முடிச்சுப் போடப் பழக முடியாது என்பது என் கருத்து. அதற்கு உண்மையான ஊசியும் நூலும் கொண்ட பாக்ஸ் டிரெய்னரே சிறந்தது.

அந்த ஆய்வில் எனக்கு மிக முக்கியமாகப் படுவது வேறொன்று. இத்தனை மணி நேரம் பழகினால் போதும் என்று அவர்கள் வைக்கவில்லை. தேர்ந்த சர்ஜன்களை அதே சிமுலேட்டரில் செய்ய வைத்து, அவர்கள் எட்டிய அளவை இலக்காக வைத்தார்கள். அதை எட்டும் வரை பயிற்சி தொடர்ந்தது. இந்த ஏற்பாடு இல்லாமல் வாங்கப்படும் சிமுலேட்டர், கல்லூரியைப் பார்வையிடும் குழு வரும் நாளில் உறை நீக்கப்பட்டு மறுநாள் மீண்டும் மூடப்படும் பொருளாகிவிடுகிறது. அதைப் பல இடங்களில் பார்த்து மனம் நொந்திருக்கிறேன்.

பாக்ஸ் டிரெய்னரை எளிய பொருள் என்று ஒதுக்க வேண்டாம். அமெரிக்க அறுவைச் சிகிச்சை வாரியம் 2009-10 கல்வியாண்டு முதல் பயிற்சியை முடிப்பவர்களுக்குக் கட்டாயமாக்கிய எஃப்.எல்.எஸ். (லேப்ராஸ்கோபி அடிப்படைத் திறன்) தேர்வின் ஐந்து செய்முறைகளும் பெட்டிக்குள்தான் நடக்கின்றன. முதல் செய்முறையில் ஆறு வளையங்கள் இருக்கும். பழக்கமில்லாத கையால் ஒன்றைத் தூக்கி, அந்தரத்தில் மறு கைக்கு மாற்றி, எதிர்ப்பக்க முளையில் மாட்ட வேண்டும். ஆறும் முடிந்ததும் எல்லாவற்றையும் பழைய இடத்துக்கே கொண்டுவர வேண்டும். பார்க்க எளிதாகத் தோன்றும். கருவிகள் இரண்டும் சந்திக்கும் அந்த ஒரு நொடியில் ஆழம் தவறினால் வளையம் கீழே விழும்.

எனினும் பெட்டியால் கற்றுத்தர முடியாதது ஒன்று உண்டு. லேப்ராஸ்கோபியில் பித்தநாளம் காயமடைந்த 252 நேர்வுகளை ஆராய்ந்து 2003-இல் வெளியான ஆய்வு, அவற்றில் 97 சதவீதத்துக்கு மூல காரணம் கண்ணுக்கு ஏற்பட்ட தோற்ற மயக்கமே என்றது. குடலுக்குப் பித்தம் கொண்டுபோகும் பொதுப் பித்தநாளத்தை, வெட்ட வேண்டிய பித்தப்பை நாளம் என்று நம்பிவிடுகிறார்கள். கை சரியாகவே வேலை செய்கிறது, வெட்டப்படுவது தவறான குழாய். பித்தப்பையின் கீழ்ப்பகுதியைக் கல்லீரல் படுகையிலிருந்து பிரித்து, கொழுப்பை நீக்கி, இரண்டே இரண்டு அமைப்புகள் மட்டுமே பித்தப்பைக்குள் நுழைவதைக் கண்ட பிறகே கிளிப் போட வேண்டும் என்ற ஒழுங்கை மனத்தில் பதிய வைக்க, உடற்கூறு வேறுபாடுகளை மாற்றி மாற்றிக் காட்டும் வி.ஆர். மென்பொருள் உண்மையிலேயே உதவும்.

கண் மருத்துவர் (பதில்)

எங்கள் துறையில் நோயாளிகள் அளவிலேயே தரவு இருக்கிறது என்பதால் எழுதுகிறேன். கண்புரை அறுவையில் கண் வில்லையின் பின்புற உறை கிழிவதுதான் பயிற்சி மருத்துவர்கள் அஞ்சும் சிக்கல். ஒரு மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்குகூட இல்லாத மெல்லிய படலம் அது. பிரிட்டனில் முதல் இரண்டு ஆண்டுப் பயிற்சியில் இருந்த 265 மருத்துவர்கள் செய்த 17,831 அறுவைகளின் பதிவுகளை ஆராய்ந்து 2020-இல் ஓர் ஆய்வு வெளியானது. ஐசி என்ற வி.ஆர். சிமுலேட்டர் பயிற்சி மையங்களுக்குப் பரவிய காலத்தில், அதாவது 2009-க்கும் 2015-க்கும் இடையில், இந்தச் சிக்கல் 4.2 சதவீதத்திலிருந்து 2.6 சதவீதமாகக் குறைந்தது. அந்த ஆண்டுகளில் வேறு மாற்றங்களும் நிகழ்ந்திருக்கலாம் என்பதால், முழுப் பெருமையையும் சிமுலேட்டருக்கே கொடுத்துவிட முடியாது. ஆனாலும் இவ்வளவு அறுவைகளில் தெரியும் சரிவைப் புறக்கணிக்கவும் முடியாது.

கண் அறுவைக்கு வி.ஆர். பொருந்துவதற்கு ஒரு காரணம் உண்டு. மைக்ரோஸ்கோப்பின் கீழ் முன்புற உறையை வட்டமாகக் கிழிக்கும்போது விரலுக்கு அநேகமாக எதுவும் தெரிவதில்லை. கிழிவின் ஓரம் எங்கே ஓடுகிறது என்று கண்தான் சொல்கிறது. மாறாக, நம் நாட்டில் பரவலாகச் செய்யப்படும் சிறு கீறல் கண்புரை அறுவையில் வெண்விழிப் படலத்துக்குள் சுரங்கம் போலப் பாதை அமைக்க வேண்டும். பிளேடு எந்த ஆழத்தில் போகிறது என்பதைக் கை உணர வேண்டும். அந்த அறுவைக்கென ஹெல்ப்மீசீ அமைப்பு உருவாக்கிய சிமுலேட்டரில் எதிர்விசை உணர்வைச் சேர்த்திருக்கிறார்கள். அந்த அமைப்பைத் தொடங்கியவர்களுள் ஒருவரான ஆல் யூல்ச்சி, விமானிகளுக்குச் சிமுலேட்டர் பயிற்சி அளிக்கும் ஃபிளைட்சேஃப்டி நிறுவனத்தை நிறுவியவர். ஆகவே எந்தக் கட்டத்தில் கண் வழிநடத்துகிறது, எந்தக் கட்டத்தில் கை என்று உங்கள் அறுவைகளைப் பிரித்துப் பார்த்துவிட்டு முடிவெடுங்கள்.

கருவிப் பொறியாளர் (பதில்)

டாக்டர் அவர்களுக்கு வணக்கம். விலை ஏன் அப்படி உயர்கிறது என்பதையும் ஏ.ஆர். பற்றியும் மட்டும் சொல்கிறேன். கண்ணை நம்ப வைக்க நொடிக்கு 90 படங்கள் போதும். தொடு உணர்வு அப்படியன்று. கடினமான பரப்பைத் தொடுவது போல் கைக்குத் தோன்ற வேண்டுமானால் விசையை நொடிக்கு ஏறத்தாழ 1,000 முறை கணக்கிட்டு மோட்டாருக்கு அனுப்ப வேண்டும். அதில் தாமதம் வந்தால் கருவி நடுங்கும். விலையின் பெரும்பகுதி இங்கேதான் போகிறது. தரமற்ற எதிர்விசை கைக்குத் தவறான பாடம் சொல்லும் என்பதால், டெமோவில் நீங்களே ஒரு தையல் போட்டுப் பார்க்காமல் ஒப்புக்கொள்ள வேண்டாம்.

ஏ.ஆர். கண்ணாடி உடற்கூறு வகுப்புக்கு நல்லது. மைக்ரோசாஃப்டின் ஹோலோலென்ஸ் கண்ணாடியைக் கொண்டு அமெரிக்காவின் கேஸ் வெஸ்டர்ன் ரிசர்வ் பல்கலைக்கழகம் அதைச் செய்துகாட்டியது. முதுகெலும்பில் ஸ்குரூ செலுத்த வழிகாட்டும் எக்ஸ்விஷன் கருவிக்கு 2019 டிசம்பரில் அமெரிக்க எஃப்.டி.ஏ. (மருந்து, மருத்துவக் கருவிக் கட்டுப்பாட்டு அமைப்பு) அனுமதி கிடைத்தது. எலும்பு வளையாது என்பதால் ஸ்கேன் படத்தை அதன்மேல் பொருத்த முடிகிறது; மூச்சுக்கு மூச்சு நகரும் கல்லீரல்மேல் அப்படிப் பொருத்துவது இன்னும் கடினம். இன்னொரு சிக்கலும் உண்டு. ஹோலோலென்ஸ் காட்டும் பிம்பத்தின் குவியம் ஏறத்தாழ 2 மீட்டர் தொலைவில் இருக்கிறது. சர்ஜனின் கைகளோ அரை மீட்டரில் வேலை செய்கின்றன. இரண்டையும் ஒருசேரத் தெளிவாகப் பார்க்கக் கண் திணறும். ஹோலோலென்ஸ் 2 தயாரிப்பை மைக்ரோசாஃப்ட் 2024-இல் நிறுத்திவிட்டது என்பதையும் கணக்கில் கொள்ளுங்கள். எந்த ஹெட்செட்டானாலும் ஆண்டு உரிமக் கட்டணம் எவ்வளவு, நிறுவனம் மூடப்பட்டால் மென்பொருள் இயங்குமா என்ற இரண்டையும் எழுத்தில் வாங்கிவிடுங்கள்.

அறுவைத்துறை ஆசிரியர்

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. பாக்ஸ் டிரெய்னர்களை முதலில் வாங்கி, எதிர்விசை உள்ள சிமுலேட்டர் ஒன்றையும், முடிவெடுக்கும் பயிற்சிக்கு ஓரிரு ஹெட்செட்டுகளையும் கேட்கலாம் என்று நினைக்கிறேன், ஏ.ஆர். இப்போது வேண்டாம். ஒரே கவலை, எங்கள் மாணவர்களுக்கு டியூட்டி முடிந்து தூங்கவே நேரம் போதவில்லை. வார இறுதியில் ஒருநாள் முழுவதும் பயிற்சி வைத்தால் சரியாக வருமா?

லேப் சர்ஜன்

ஒரே நாளில் திணிக்க வேண்டாம், டாக்டர். டொரான்டோவில் 38 இளநிலைப் பயிற்சி மருத்துவர்களுக்கு நுண்ரத்தக்குழாய் இணைப்பைக் கற்பித்து 2006-இல் வெளியிட்ட ஆய்வில், அதே நான்கு பாடங்களை ஒரே நாளில் முடித்தவர்களைவிட, வாரம் ஒன்றாகப் படித்தவர்களே ஒரு மாதம் கழித்து நடந்த சோதனையில் சிறப்பாகச் செய்தார்கள். டியூட்டி நடுவே கிடைக்கும் கால் மணி நேரங்கள் உங்களுக்குச் சாதகமானவைதான். ஆகவே ஓரிரு பெட்டிகளை ஸ்கில் லேபில் பூட்டி வைக்காமல் முதுநிலை மாணவர்களின் டியூட்டி அறையிலேயே வையுங்கள்; நேரத்தையும் தவறுகளையும் குறிக்க அருகில் ஒரு நோட்டு இருக்கட்டும். உங்கள் துறையின் மூத்த சர்ஜன்கள் முதலில் செய்து தங்கள் நேரத்தை அதன் முதல் பக்கத்தில் எழுதிவிட்டால், எட்ட வேண்டிய அளவு என்ன என்று மாணவர்களுக்குத் தனியாகச் சொல்ல வேண்டியிருக்காது. முதல் வளையப் பயிற்சியில் அந்த அளவை எட்டாதவருக்குத் தியேட்டரில் கேமரா பிடிக்கும் வேலை மட்டும் கொடுப்பது என்ற விதியை யூனிட் தலைவர்கள் அனைவரும் ஒப்புக்கொள்ள வேண்டும். கருவிகளுக்கு ஆர்டர் கொடுக்கும் முன்பே அதற்கான கூட்டத்தை நடத்திவிடுங்கள்.