அடாப்டிவ் எம்.பி.சி.: வெப்ப வரம்பைத் தாண்டாமல் தூண்டல் கொடுப்பது எப்படி?

காரைக்குடியில் கண்டாங்கிச் சேலைக்கான சாய நூலை உலர்த்தும் ஹீட்டர் பெட்டிக்கு அடாப்டிவ் எம்.பி.சி. (மாடலை ஓட ஓடத் திருத்தி, அதைக்கொண்டு வரப்போகும் வெப்பத்தைக் கணித்து ஹீட்டரை இயக்கும் கட்டுப்பாட்டு முறை) எழுதி, சிக்கிக்கொண்டு நிற்கிறேன்.

பெட்டி 55 டிகிரியில் நிற்க வேண்டும், 60-ஐத் தாண்டவே கூடாது. நூல் காயக் காய மாடல் மாறும். அதனால் இரண்டாம் படி ஏஆர்எக்ஸ் மாடலின் (முந்தைய வெப்பம், ஹீட்டர் அளவுகளிலிருந்து அடுத்த வெப்பத்தைச் சொல்லும் சமன்பாடு) 4 அளவுருக்களை ராஸ்பெர்ரி பை என்ற சிறு கணினியில் ஆர்எல்எஸ் (ஒவ்வொரு புது அளவீட்டுக்கும் மதிப்பைத் திருத்தும் முறை) மதிப்பிடுகிறது. பழைய அளவீடுகளின் எடையைக் குறைக்கும் மறதிக் காரணி 0.97, சாம்பிள் நேரம் 10 நொடி.

வெறும் பெட்டியில் ஒழுங்காக ஓடியது. போன மாதம் ஈர நூல் வைத்ததிலிருந்து தொல்லை. வெப்பம் நிலைத்து அரை மணி ஆனதும் ஹீட்டர் அசைவதே இல்லை. கற்கப் புதுத் தகவல் இல்லாமல் கோவேரியன்ஸ் (மதிப்பீட்டின் நிச்சயமின்மை) ஊதிக்கொண்டே போகிறது, மாடலின் கெயின் (ஹீட்டர் கூடினால் வெப்பம் எவ்வளவு கூடும் என்ற மதிப்பு) குறிகூட மாறிவிடுகிறது. அப்புறம் யாராவது கதவைத் திறந்தால் போதும், ஹீட்டர் 0-க்கும் 100 சதவீதத்துக்கும் தாவி, வெப்பம் 63-ஐத் தொடுகிறது. சாயம் மங்கினால் நட்டம் நெசவாளருக்கு. அதுதான் பதற வைக்கிறது.

காரணியை 0.995 ஆக்கினால் ஊதல் குறைகிறது, ஆனால் நூல் காயும் வேகத்தை மாடல் பிடிப்பதில்லை. டெட் ஸோன் (பிழை சிறிதானால் மதிப்பீட்டை நிறுத்துவது) போட்டால் தவறான மதிப்பிலேயே உறைகிறது. எம்.பி.சி. முடிவின் மேல் பிஆர்பிஎஸ் (மாடலைக் கற்க இன்புட்டைச் சீரற்று மேலும் கீழும் அசைக்கும் தூண்டல்) சேர்த்தால் மதிப்பீடு தேறுகிறது. ஆனால் வரம்புக் கணக்குக்கு அது தெரியாததால் 60 மீறுகிறது. தூண்டலையே நிபந்தனையாக உள்ளே எழுதினால் கணக்கு கான்வெக்ஸ் (எளிதில் தீர்க்கும் வகை) இல்லாமல் போய், 10 நொடிக்குள் தீர்வு வருவதில்லை.

முதல் இன்புட்டுக்கு மட்டும் தூண்டல் நிபந்தனை வைத்து, இரண்டு க்யூபியாக (விரைவில் தீரும் இருபடிக் கணக்கு) பிரித்துத் தீர்த்தால், 60 டிகிரி வரம்புக்குள் ஒவ்வொரு படியிலும் தீர்வு கிடைப்பதை உறுதிசெய்ய முடியுமா?